இறக்கத்தில் விழும் முள்

செங்கோட்டையில் கார் வைத்திருக்கிறவர்களுக்குப் பெட்ரோல் முள் வீட்டு வரவு செலவுக் கணக்கில் சேர்ந்தது. புளியரை தாண்டி மலை ஏறி கோட்டைவாசலைக் கடந்துவிட்டால் கேரளம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். கேரளத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி போட்டார்கள். அதிலிருந்து புளியரைப் பக்கத்து பங்க்குகளில் கேஎல் நம்பர் வண்டிகள் வரிசை கட்டி நிற்பது தினசரிக் காட்சி. தென்மலைக்காரர், ஆரியங்காவுக்காரர் எல்லாரும் முள் கீழே இறங்கும்வரை பொறுத்திருந்து, இந்தப் பக்கம் வரும் சாக்கு ஒன்றைக் கண்டுபிடித்து, வாய் வரை நிரப்பிக்கொண்டு போவார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போகும்போது இங்கேயே நிரப்பிக்கொண்டு போவோம். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. காய்கறி எங்கே மலிவோ அங்கே வாங்குகிற மாதிரிதான்.

எனக்குப் பிறந்த வீடு கழுதுருட்டிப் பக்கம், புகுந்த வீடு செங்கோட்டை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நான்தான் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய சின்ன கார், 35 லிட்டர் டேங்க். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இந்தத் தொந்தரவு எந்தக் கம்பெனிக்காரனின் காருக்கும் வரக்கூடியது. முள் ஒழுங்காகத்தான் இருந்தது. போன சாரல் சீசனுக்குப் பிறகுதான் ஒரு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தது. புளியரையிலிருந்து மேலே ஏறும்போது முக்கால் காட்டும். ஆரியங்காவு தாண்டி இறங்க ஆரம்பித்தால் அரைக்கு வரும், வளைவுகளில் இன்னும் கீழே போகும். தென்மலையில் சமதளம் வந்ததும் மெல்ல எழுந்து பழைய இடத்துக்கே போய் நிற்கும். திரும்பி வரும்போது எஸ் வளைவில் இறங்கினாலும் இதே கூத்து.

எப்போதும் ஒரே மாதிரி பொய் சொல்கிற முள்ளோடு குடும்பம் நடத்திவிடலாம். கால் காட்டினால் அரை இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டால் போச்சு. சில நேரம் உண்மையும் சொல்கிற முள்ளோடுதான் முடியாது. எப்போது நம்புவது, எப்போது விடுவது என்று தெரியாமல், கடைசியில் கால் காட்டினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படித்தான் ஒருநாள், அப்பாவுக்கு மருந்து வாங்கப் புனலூர் போனபோது, இருட்டுகிற நேரம், முள் காலுக்கும் கீழே படுத்துவிட்டது. மருந்துக் கடையை விட்டுவிட்டு முதலில் பங்க்கைத் தேடினேன். "ஃபுல் பண்ணுங்க" என்றேன். 12 லிட்டர் ஏறுவதற்குள் நாசில் 'டக்' என்று நின்றுவிட்டது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார், மறுபடி 'டக்'.

கால் டேங்க் இருந்தால் 26 லிட்டராவது பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் உடனே, "பங்க்காரன் ஏமாத்திட்டான்" என்றார். நம் ஊரில் பெட்ரோல் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் முதல் குற்றவாளி பங்க்தான். எனக்கு வேலை கணக்குப் பிரிவில். எந்தப் பக்கம் கூடினால் எந்தப் பக்கம் குறைய வேண்டும் என்பதுதான் தினமும் பார்க்கிற வேலை. பங்க்காரர் குறைத்துப் போட்டிருந்தால் மீட்டரில் ஓடிய லிட்டர் டேங்கில் காலியாக இருந்த இடத்தைவிடக் கூடுதலாகத்தானே வர வேண்டும்? இங்கே குறைவாக வந்து டேங்க் நிரம்பியிருக்கிறது. அப்படியானால் ஏற்கெனவே உள்ளே 22, 23 லிட்டர் இருந்திருக்கிறது. பொய் சொன்னது முள்தான். இருந்தாலும் சந்தேகப்படுகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: எல்லா பங்க்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் குடுவை இருக்க வேண்டும். கேட்டால் நம் கண்முன் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. சண்டை போடுவதற்கு முன்னால் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நஷ்டம் என்று பார்த்தால், அந்தப் பக்க விலையில் 12 லிட்டர் போட்டதில் 60 ரூபாய் போல. ஆனால் முள்ளுக்குப் பயந்து 60 ரூபாய் கொடுத்தோமே என்பது மனசிலேயே கிடந்தது.

மாமா சொன்ன காரணம்

கழுதுருட்டியில் என் தாய்மாமா எஸ்டேட்டில் ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "மோளே, சாய்வுல எண்ணெ முன்னால ஓடும், ஃப்ளோட் கீழ போவும். எறக்கத்துல முள்ளு விழத்தான் செய்யும். ஜீப்புல இதெல்லாம் சகஜம்." ஆரியங்காவு ஸ்டாண்டில் டாக்ஸிக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். மலையில் முள்ளைப் பார்க்காதே, சமதளத்தில் பார் என்பது இந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

மாமா சொன்னதில் தப்பே இல்லை. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, ஒர்க்‌ஷாப்பில் ஃப்ளோட் என்பார்கள். அது ஒரு கம்பியின் நுனியில் தொங்கிக்கொண்டு பெட்ரோலின் மேல்மட்டத்தோடு ஏறி இறங்கும். கம்பியின் இன்னொரு முனையில் சின்னத் தகடு ஒன்று, மின்தடை உள்ள ஒரு தடத்தின் மேல் உரசிக்கொண்டே நகரும். மிதவை மேலே இருந்தால் தடை குறைவு, கீழே போனால் தடை அதிகம். சில கார்களில் இது தலைகீழாகவும் இருக்கும். எங்கள் காரில் தடை குறைந்தால் ஃபுல், கூடினால் எம்டி. மீட்டர் போர்டிலிருந்து வருகிற மின்சாரம் இந்தத் தடையைக் கடந்து கார் பாடிக்குப் போய் எர்த் ஆகிறது. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ அந்த அளவுக்கு முள் சாயும். அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும். முள்ளுக்குப் பெட்ரோலைத் தெரியாது. ஓடுகிற மின்சாரம் மட்டும்தான் தெரியும்.

டேங்க் அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால் வண்டி மூக்கு சாய்ந்தால் பெட்ரோல் முன்பக்கம் திரளும். மிதவை பின்பக்கம் இருந்தால் அது கீழே போகும், முள்ளும் போகும். குலுங்குவதைக் குறைக்க டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். முள் சட்டென்று ஆடாமல் இருக்க மீட்டரிலும் வேண்டுமென்றே மந்தம் சேர்த்திருப்பார்கள். பழைய மீட்டர்களில் சூடேறி வளைகிற இரட்டை உலோகத் தகடு, அப்புறம் வந்தவற்றில் சுருள்களுக்கு நடுவே கெட்டியான சிலிக்கோன் திரவம், இப்போதைய கார்களில் கம்ப்யூட்டரே சராசரி போட்டுக் காட்டிவிடும். இத்தனை இருந்தும் நீளமான சாய்வில் முள் கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

ஆனால் எனக்குத் திருப்தி வரவில்லை. காரணம் மூன்று. புளியரை செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது, அங்கே சொல்லும்படி சாய்வு எதுவும் கிடையாது, நின்ற நிலையிலேயே முள் மெல்ல இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் ஓட்டினால் ஏற்றத்தில்கூடப் பகலைவிடக் கொஞ்சம் கீழேதான் காட்டும். மூன்றாவது, முள் எம்டியைத் தொடுகிற மாதிரி கிடந்தாலும் பெட்ரோல் குறைந்தால் எரிகிற அந்த மஞ்சள் பங்க் விளக்கு எரியவே இல்லை. எங்கள் கார் மாதிரி பழைய கார்கள் சிலவற்றில் அந்த விளக்குக்கு முள்ளோடு சம்பந்தமில்லை. டேங்கின் அடியில் தனியாக ஒரு சின்ன உணரி இருக்கும். பெட்ரோலில் முங்கிக் குளிர்ந்திருக்கும்வரை அதன் தடை அதிகம், விளக்கு எரியாது. பெட்ரோல் வற்றி வெளியே தெரிந்தால் சூடாகும், தடை குறையும், விளக்கு எரியும். ஒரே டேங்கைப் பற்றி இரண்டு சாட்சி, இரண்டும் வேறு வேறு சொல்கிறது என்றால், சாய்வு என்று சொல்லி மூடிவிட எனக்கு மனசு வரவில்லை.

செங்கோட்டையில் நாங்கள் வழக்கமாக விடுகிற ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டுகிறது நான், தொந்தரவைச் சொல்கிறது நான், ஆனால் பதில் முழுக்க என் வீட்டுக்காரரைப் பார்த்தே வந்தது. "டேங்க் யூனிட் போச்சு சார். மாத்திரலாம்." டேங்க் யூனிட் என்றால் அந்த மிதவையும் தடமும் சேர்ந்தது. இந்த மாதிரி வண்டிகளில் அது தனியாக வராது. பெட்ரோல் பம்போடு சேர்ந்த முழு செட்டாகத்தான் வரும். சொன்ன விலையில் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம். சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இந்தக் கம்ப்ளெயின்ட்டுக்கு இதுதான்" என்றார்.

டேங்க் யூனிட் கெடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தகடு தடத்தில் வருஷக்கணக்காக உரசுகிறது. உரசி உரசித் தேயும். தேய்ந்த இடத்துக்கு வந்தால் தொடர்பு அறுந்து முள் சட்டென்று விழும், தாண்டினால் எழும். மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தால் கனத்து மூழ்கிவிடும், எப்போதும் எம்டிதான். பெட்ரோலில் இருக்கும் கந்தகம் வெள்ளித் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்துவிடும். 2004இல் அமெரிக்காவின் தென்பகுதியில் கந்தகம் கூடுதலாகக் கலந்த பெட்ரோல் விற்கப்பட்டு, ஏகப்பட்ட கார்களில் டேங்க் காலியாக இருந்தும் முள் ஃபுல் என்று காட்டிய கூத்து நடந்திருக்கிறது. நம் நாட்டில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, 2020 ஏப்ரலிலிருந்து, பெட்ரோலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. அதனால் அந்தப் பயம் இப்போது குறைவு. ஆனால் இந்த மூன்றில் எதுவும் ராத்திரி பகல் பார்த்து வேலை செய்யாது. என் கார் பார்த்தது.

பிரானூர் பார்டர்

செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் என்று ஒரு இடம். இப்போது அங்கே எந்த பார்டரும் இல்லை. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் எல்லை அங்கே இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எல்லை மலைக்கு மேலே போய்விட்டது, பெயர் மட்டும் கீழேயே தங்கிவிட்டது. மரக்கடைகளும் அறுவை மில்லும் புரோட்டாக் கடைகளும் நிறைந்த இடம். மரம் ஏற்றுகிற லாரிகள் வந்து நிற்பதால் லாரி எலக்ட்ரீசியன்களும் அங்கே உண்டு. அவர்களில் ஒரு அண்ணாச்சியிடம் போகச் சொல்லி என் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் சொன்னார். தகரக் கூரை, தரை முழுக்க மரத்தூள், சுவரில் வெட்டிப் போட்ட ஒயர்கள் தோரணமாகத் தொங்கின.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்றம், இறக்கம், செக்போஸ்ட், ராத்திரி, மஞ்சள் விளக்கு. அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்சீட்டைத் தூக்கவும் இல்லை, டேங்கைத் தொடவும் இல்லை. "யம்மா, நீங்க உள்ள உக்காருங்க. சாவியப் போடுங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்றார். போட்டேன். முள் மெல்ல ஏறி முக்காலில் நின்றது. "இப்ப பிரேக்க மிதிங்க. மிதிச்ச கால எடுக்காதீங்க. முள்ளயே பாருங்க."

மிதித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் முள் நகர ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இறங்குகிற மாதிரி, முக்காலிலிருந்து அரைக்கு, அரையிலிருந்து இன்னும் கீழே. வண்டி சமதரையில் நிற்கிறது. ஒரு சொட்டு பெட்ரோல் அசையவில்லை. "விடுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. காலை எடுத்தேன். முள் வந்த வழியே திரும்பி முக்காலுக்குப் போனது. "இன்னொருக்கா." மிதித்தேன், விழுந்தது. ஹெட்லைட் போடச் சொன்னார். போட்டேன், கொஞ்சம் விழுந்தது. ஹெட்லைட்டோடு பிரேக்கும் மிதித்தால் எம்டிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது.

அவர் காரின் பின்னால் நின்று, கையை மறைப்பாக வைத்துக்கொண்டு பிரேக் லைட்டைப் பார்த்தார். "பின்னால வந்த வண்டிக்காரன் எவனும் பிரேக் லைட்டு சரியா எரியலன்னு சொல்லலியா?" என்று கேட்டார். யாரும் சொல்லியிருக்கவில்லை. என்னை இறங்கி வரச் சொல்லி, அவர் பையனைப் பிரேக்கை மிதிக்க வைத்தார். இடது பக்கம் இருந்த பிரேக் லைட் பல்பு சிவப்பாக இல்லை, பழுப்பாக முனகிக்கொண்டிருந்தது. வலது பக்கமும் அதே லட்சணம்.

ஒர்க்‌ஷாப்பில் இருந்து அதுவரை எனக்குக் கிடைக்காத ஒன்று இந்த இடத்தில் கிடைத்தது. அவர் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்து, கறுப்பு முனையை ஒரு நீள ஒயரால் பேட்டரி நெகட்டிவில் மாட்டினார். பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மேலே இருந்த கப்ளரில் எர்த் ஒயரின் பின்பக்கம் சிவப்பு முனையைச் செருகினார். "எர்த்து எர்த்தா இருந்தா இங்க வோல்ட்டே இருக்கப்படாது" என்றார். பிரேக் மிதிக்காதபோது மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டியது. பையன் மிதித்தான். 2 வோல்ட்டுக்கு மேலே போனது.

கணக்கு பிறகு வீட்டில் வந்து போட்டுப் பார்த்தேன், அழகாக ஒத்துப்போகிறது. பிரேக் லைட் பல்பு ஒன்று 21 வாட். இரண்டும் சேர்ந்தால் 42 வாட், 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். அந்த மின்சாரமும் டேங்க் யூனிட்டின் மின்சாரமும் எங்கள் காரில் ஒரே எர்த் போல்ட் வழியாகத்தான் பாடிக்குப் போகின்றன. அந்த போல்ட்டில் துரு ஏறி ஒரு ஓம் தடை சேர்ந்தால்கூட, அந்தத் தடையே மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டாலும், பிரேக் மிதித்ததும் அங்கே இரண்டரை வோல்ட் போலத் தேங்கி நிற்கும். டேங்க் யூனிட்டைப் பொறுத்தவரை, எர்த் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும் இடம் திடீரென்று இரண்டரை வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. அதனால் மீட்டரிலிருந்து வருகிற மின்சாரம் குறைகிறது. மின்சாரம் குறைந்தால் முள்ளுக்கு அது பெட்ரோல் குறைந்த மாதிரிதான். ஹெட்லைட் போட்டால் பின்னால் எரிகிறது சின்ன 5 வாட் பல்புகள், அதனால் விழுகிறதும் கொஞ்சம்தான். ராத்திரி ஏற்றத்தில் பார்த்தது அதுதான். லைட்டும் இல்லை, பிரேக்கும் இல்லை என்றால் டேங்க் யூனிட்டின் சொற்ப மின்சாரத்துக்கு அந்த ஒரு ஓம் ஒரு பொருட்டே இல்லை, முள் உண்மை சொல்கிறது. மஞ்சள் விளக்குக்கான உணரி பெட்ரோலுக்குள் குளுமையாகத்தான் கிடந்தது, அதனால் அது பேசாமல் இருந்தது.

அந்த போல்ட் டிக்கிக்குள், இடது பின்விளக்குக்குப் பின்னால் இருந்தது. பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றியதும் ஈர வாடை அடித்தது. விளக்கின் ரப்பர் கேஸ்கட் ஒரு மூலையில் சுருங்கிப் போய், சாரல் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, நேராக அந்த போல்ட்டின் தலையில் சொட்டியிருக்கிறது. வட்டக் கண்ணி போட்ட நாலு எர்த் ஒயர்கள் அதில் ஒன்றின் மேல் ஒன்றாக. கண்ணிகள் பச்சை பூத்திருந்தன, அடியில் தகட்டின் பெயின்ட் கொப்பளித்து ஆரஞ்சு நிறத்தில் உதிர்ந்தது. முதலில் அதைத் தொடவில்லை. ஒரு தனி ஒயரை எடுத்து, அந்தக் கண்ணிகளிலிருந்து துரு இல்லாத வேறொரு போல்ட்டுக்குப் பிடித்துக்காட்டி, பையனை மிதிக்கச் சொன்னார். முள் அசையவே இல்லை. பிரேக் லைட் பளீரென்று எரிந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்பானரை எடுத்தார். கண்ணிகளை ஒவ்வொன்றாக உப்புத்தாளால் தேய்த்து, தகட்டை வெள்ளை உலோகம் தெரிகிறவரை சுரண்டி, பல் வாஷர் ஒன்று போட்டு முறுக்கி, மேலே வாஸ்லினை அப்பினார். கேஸ்கட்டுக்கு ஏதோ பசை வைத்தார். மொத்தம் 300 ரூபாய் வாங்கினார்.

அப்புறம் மலையில்

அடுத்த முறை கழுதுருட்டி போனபோது மாமாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ரவுண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப இத்தன காலம் நாங்க பாத்ததெல்லாம் பொய்யா?" என்று கேட்டார். பொய்யில்லை என்று காட்டத்தான் கூப்பிட்டேன். ஆரியங்காவுக்குக் கீழே நல்ல இறக்கத்தில் ஓரமாக நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு இருவரும் முள்ளைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு முள் தடிமன் அளவுக்கு இறங்கியது. "கண்டோ?" என்றார். கண்டேன். சாய்வுக்கு உரியது அவ்வளவுதான். அதற்கு முன்னால் முள் விழுந்தது அரை டேங்க்.

இதில் என்னை இன்னும் விடாத விஷயம் இதுதான்: மாமா சொன்ன காரணம் தவறாக இருந்திருந்தால் சீக்கிரம் பிடிபட்டிருக்கும். அது உண்மையாக இருந்ததால்தான் யாரும் மேற்கொண்டு தேடவில்லை. மலைப்பாதையில் இறக்கமும் பிரேக்கும் பிரிவதே இல்லை. இறங்குகிற இடத்தில் எல்லாம் காலும் பிரேக்கில் இருக்கும். ஏறும்போது இரண்டும் இருக்காது. ஆக எத்தனை தடவை போய் வந்தாலும் சாய்வுக் கணக்கு சரியாகவே வரும். ஆயிரம் முறை சரியாக வந்தாலும் அதற்கு மதிப்பில்லை, ஏனென்றால் பிரேக் கணக்கும் அத்தனை முறையும் சரியாகவே வந்திருக்கும். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, ஒன்று இருந்து மற்றது இல்லாத இடத்தைத் தேடிப்போய் நிற்பது. பிரானூரில் சமதரையில் பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் அதுதான், மலையில் பிரேக் இல்லாமல் சாய்த்து நிறுத்தியதும் அதுதான். செக்போஸ்ட் வரிசையில் அந்தச் சந்தர்ப்பம் தானாகவே என் முன்னால் வந்து நின்றிருக்கிறது. காலடியில் பிரேக் இருப்பது யாருக்குத் தோன்றும்?

டேங்க் யூனிட்டை மாற்றச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் காரணம் பணம் இல்லை. மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். புது யூனிட்டும் அதே துரு போல்ட் வழியாகத்தான் எர்த் ஆகியிருக்கும். பகலில் நின்ற இடத்தில் காட்டினால் முள் சரியாக நிற்கும், காசு கொடுத்து வந்துவிடுவோம். மலையில் மறுபடி விழும். அப்போது எல்லாரும் சேர்ந்து "யூனிட் புதுசு, அப்ப இது சாய்வுதான்" என்று முடிவு கட்டியிருப்பார்கள். மாமாவும் ஒரு சாட்சி. பிரேக் லைட் மங்கலாகவே எரிந்துகொண்டிருக்கும். பனியும் மழையும் இறங்குகிற நேரத்தில் எஸ் வளைவில் பின்னால் சரக்கு லாரி வரும்போது அது என்ன அர்த்தம் என்று அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். முள் விழுந்தது எனக்கு 60 ரூபாய் தொந்தரவு. அது விழாமல் இருந்திருந்தால் பிரேக் லைட்டை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: பிரேக்கை மிதித்துப் பார்ப்பது, லைட் போட்டுப் பார்ப்பது, இண்டிகேட்டர் போட்டுப் பார்ப்பது, இதற்கெல்லாம் எந்தக் கருவியும் வேண்டாம், யாரும் செய்யலாம். டேங்க் யூனிட்டின் கப்ளரைக் கழற்றி ஒயரை எர்த்தில் தொட்டால் முள் ஃபுல்லுக்குப் போகிறதா என்று பார்க்கச் சொல்லி சிலர் சொல்வார்கள். பழைய கார்களில் அது நல்ல சோதனைதான். முள் ஏறினால் மீட்டரும் ஒயரும் சரி, கோளாறு டேங்க் பக்கம் என்று பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆவி நிற்கும், ஒயர் தொடுகிற இடத்தில் பொறி வரும். அதனால் அங்கே வைத்துச் செய்யக்கூடாது. நேரடியாகத் தொட்டால் சில மீட்டர்கள் கருகியும் போகும், இடையில் ஒரு சின்ன பல்பு வைத்துத்தான் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் தொடுவார்கள். கம்ப்யூட்டர் வைத்த புதுக் கார்களில் இந்த விளையாட்டே வேண்டாம்.

போன வாரம் என் கொழுந்தன் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கும் முள் விழுகிறதாம். நான் பெரிய ஆள் மாதிரி அவரை உள்ளே உட்கார வைத்து, சாவியைப் போடச் சொல்லி, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். முள் அசையவில்லை. லைட் போட்டோம், அசையவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன், பிரேக் லைட் கண்ணைப் பறிக்கிறது. கேட்டுப் பார்த்ததில் முள் முக்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும்போது மட்டும் சட்டென்று எம்டிக்கு விழுகிறது, இன்னும் கொஞ்சம் பெட்ரோல் தீர்ந்ததும் தானாக எழுந்து அரையில் நிற்கிறது என்றார். மலை, சமதளம், ராத்திரி, பகல் எதுவும் வித்தியாசமில்லை. அவர் காரில் தடம்தான் தேய்ந்திருக்க வேண்டும், டேங்க் யூனிட்டைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. டேங்க் காலியானதும் பிரானூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். அவர் முந்தின நாள்தான் புளியரையில் ஃபுல் அடித்திருக்கிறார், தீரட்டும் என்கிறார்.